மோட் கோப்பை டிஃபெண்டர் அழித்துக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: ஜிடிஏ 5 விளையாட்டை ஸ்டீமில் வாங்கி வைத்திருக்கிறேன். கதைப் பகுதி மட்டும்தான் விளையாடுவேன். விளையாட்டை மாற்றும் மோட்களை ஓட்ட உதவும் ஸ்கிரிப்ட் ஹூக் வி போட்டால், அதில் உள்ள டிஇன்புட்8.டிஎல்எல் கோப்பை ட்ரோஜன் என்று சொல்லி விண்டோஸ் டிஃபெண்டர் தூக்கிவிடுகிறது. ஒரு யூடியூப் வீடியோவில் சொன்னபடி டிஃபெண்டரை அணைத்துவிட்டுப் போட்டேன், ஓடியது. மறுநாள் கோப்பு மறுபடி காணோம். இன்னொரு வீடியோவில் கொடுத்திருந்த 'எல்லா மோடும் ஒரே ஜிப்' என்பதையும் இறக்கினேன். திறக்கப் பாஸ்வேர்டு கேட்டது, உள்ளே ஒரு செட்டப் கோப்பு இருந்தது. டிஃபெண்டர் அணைந்திருந்த நேரத்தில் அதையும் ஓட்டினேன், எதுவும் நடக்கவில்லை. இதே லேப்டாப்பில்தான் அப்பா ஜிஎஸ்டி கணக்கும் நெட் பேங்கிங்கும் பார்க்கிறார். மோடும் வேண்டும், லேப்டாப்பும் பத்திரமாக இருக்க வேண்டும். வழி உண்டா சார்?
— கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: வழி உண்டு. ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் அந்த செட்டப் கோப்பைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மோடை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டால் ஆன்டிவைரஸால் அதன் உள்ளே பார்க்க முடியாது. இலவசமாகக் கொடுக்கும் மோடுக்குப் பூட்டு எதற்கு? பூட்டிய ஜிப், 'ஆன்டிவைரஸை அணையுங்கள்' என்ற அறிவுரை, ஓட்டினால் திரையில் ஒன்றுமே வராத செட்டப்: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது தகவல் திருடும் நிரல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகை நிரல்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆன நிலையைக் காக்கும் குக்கிகளையும் சில நொடிகளில் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கி போய்விட்டால் ஓடிபி வைத்திருந்தும் பயனில்லை. ஏற்கெனவே லாகின் ஆன ஆளாகவே திருடன் உள்ளே வருவான்.

ஆகவே இன்றே லேப்டாப்பின் வைஃபையைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து, வீட்டில் ஒருவர் போனிலிருந்து போதும், ஜிமெயில், வங்கி, ஜிஎஸ்டி, ஸ்டீம், டிஸ்கார்ட் எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அதோடு ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுக்க வேண்டும். பழைய குக்கி அப்போதுதான் செத்துப்போகும். ஜிமெயிலை முதலில் மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் கடிதம் அங்கேதான் வரும். லேப்டாப்பில் உட்கார்ந்து இதைச் செய்தால் புது பாஸ்வேர்டும் திருட்டுப் போகலாம்.

பிறகு லேப்டாப்பில் விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்று போய், மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்து ஓட்டுங்கள். கணினி தானே அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுதாக ஏறும் முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம். முடிந்ததும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலை, அதாவது டிஃபெண்டர் சோதிக்காமல் விலக்கி வைக்கும் இடங்களின் பட்டியலை, திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் எதாவது, குறிப்பாக முழு சி டிரைவே, அதில் இருந்தால் அந்த செட்டப் சேர்த்ததுதான். அப்படி இருந்தாலோ, ஸ்கேனில் திருட்டு நிரல் எதுவும் பிடிபட்டாலோ, அப்பாவின் கோப்புகளை மட்டும் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். வங்கி வேலை நடக்கும் கணினியில் அரைகுறைச் சுத்தம் போதாது. பணம் எதுவும் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். அங்கே நேரம்தான் முக்கியம்.

இனி மோடுக்கு வருவோம். டிஃபெண்டர் ஏன் அந்தக் கோப்பைக் குறிவைக்கிறது என்று தெரிந்தால், எப்போது அதை நம்ப வேண்டும், எப்போது விலக்கு கொடுக்கலாம் என்பது தானே புரியும்.

டிஇன்புட்8.டிஎல்எல் என்பது விண்டோஸோடு வரும் நூலகக் கோப்பின் பெயர். கீபோர்டு, கன்ட்ரோலர் அழுத்தங்களை விளையாட்டுக்குக் கொண்டு தருவது அதன் வேலை. ஒரு நிரல் இதைத் தேடும்போது விண்டோஸ் அந்த நிரல் இருக்கும் ஃபோல்டரில்தான் முதலில் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால்தான் சிஸ்டம் ஃபோல்டருக்குப் போகும். மோட் ஆட்கள் இந்த வரிசையைப் பயன்படுத்தி, அதே பெயரில் ஒரு கோப்பை விளையாட்டின் ஃபோல்டரில் வைக்கிறார்கள். விளையாட்டு அதை ஏற்றும், அது ஃபோல்டரில் இருக்கும் .ஏஎஸ்ஐ கோப்புகளை (மோட் நிரல்களை) எல்லாம் ஏற்றும், உண்மையான நூலகத்துக்கு வரும் அழைப்புகளையும் அங்கே கடத்திவிடும். அதன் பிறகு ஸ்கிரிப்ட் ஹூக் விளையாட்டின் நினைவகத்துக்குள் நுழைந்து அதன் செயற்கூறுகளைத் தன் கைக்குக் கொண்டுவருகிறது.

வைரஸ் எழுதுபவர்களும் அச்சாக இதையே செய்கிறார்கள். போலி டிஎல்எல், இன்னொரு நிரலின் நினைவகத்துக்குள் நுழைவு என்று வழிமுறை ஒன்றுதான். போதாததற்கு மோட் கோப்புகளில் பெரும்பாலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்காது. விளையாட்டு அப்டேட் ஆகும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் ஹூக்கும் புதிதாக வரும், அந்தப் புதுக் கோப்பை அதுவரை உலகில் யாரும் அதிகம் இறக்கியிருக்க மாட்டார்கள். முகம் தெரியாத கோப்பு சந்தேகமான வேலை செய்தால் டிஃபெண்டர் பிடிக்கத்தான் செய்யும்.

பிடித்தது என்ன பெயரில் என்று பாருங்கள். புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் அந்த வரியை விரித்தால் பெயர் தெரியும். 'வகாடாக்' போன்ற பெயரும் கடைசியில் ஆச்சரியக்குறியோடு 'எம்எல்' என்ற ஒட்டும் இருந்தால், அது இயந்திரக் கற்றல் கணிப்பு: கோப்பின் சாயலை வைத்துச் சொன்னது. 'ஹேக்டூல்' என்று தொடங்கினால் கருவியின் வகையைச் சொல்கிறது. இவை பொய் எச்சரிக்கையாக இருக்கலாம். ரெட்லைன், லூமா, விடார் போன்ற திருட்டு நிரல் குடும்பப் பெயரோ, 'பிடபிள்யூஎஸ்' (பாஸ்வேர்டு திருடி) என்ற தொடக்கமோ வந்தால் பேச்சுக்கே இடமில்லை. அங்கேயே நிறுத்துங்கள்.

பெயரை விடவும் முக்கியம், கோப்பு எங்கிருந்து வந்தது என்பது. ஸ்கிரிப்ட் ஹூக் வி, அதை எழுதிய அலெக்சாண்டர் பிளேடின் சொந்தத் தளத்தில் கிடைக்கும். அது ஒரு சாதாரண ஜிப். பாஸ்வேர்டு கிடையாது, செட்டப் கிடையாது. உள்ளே 'பின்' ஃபோல்டரில் ஸ்கிரிப்ட்ஹூக்வி.டிஎல்எல், மோட்களை ஏற்றும் டிஎல்எல், நேட்டிவ்ட்ரெய்னர்.ஏஎஸ்ஐ (மாதிரி மோட்) ஆகியவை இருக்கும். 'ஸ்கிரிப்ட் ஹூக் செட்டப்' என்று .இஎக்ஸ்இ கொடுப்பவர் யாராக இருந்தாலும் ஒதுக்குங்கள்.

அடுத்து வைரஸ்டோட்டல்: ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களில் ஒரே நேரத்தில் சோதிக்கும் இணையதளம். 7-ஜிப் இருந்தால் டிஎல்எல் மேல் ரைட் கிளிக் செய்து (விண்டோஸ் 11இல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' கொடுத்து) சிஆர்சி எஸ்ஹெச்ஏ மெனுவில் எஸ்ஹெச்ஏ-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) எடுங்கள். அந்த எண்ணை வைரஸ்டோட்டலின் தேடலில் ஒட்டினால், முன்பே யாராவது சோதித்திருக்கும் முடிவு வரும். இல்லையென்றால் கோப்பையே ஏற்றுங்கள், ஜிப்பாக ஏற்றாமல் டிஎல்எல்லையும் ஏஎஸ்ஐயையும் தனித்தனியாக. எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களில் இரண்டு மூன்று மட்டும் 'ஜெனரிக்', 'சஸ்பீஷியஸ்', 'எம்எல்' என்று பொதுவாகச் சொன்னால் நான் அதைப் பொய் எச்சரிக்கையாக எடுப்பேன். பத்துப் பதினைந்து பேர் சிவப்புக் காட்டினாலோ, பெரிய நிறுவனங்கள் இரண்டு ஒரே குடும்பப் பெயரைச் சொன்னாலோ அந்தக் கோப்பு வேண்டாம். டீடெய்ல்ஸ் பகுதியில் முதலில் எப்போது சமர்ப்பிக்கப்பட்டது என்ற தேதியும் இருக்கும். 'மூணு வருஷமா எல்லாரும் யூஸ் பண்றாங்க' என்று சொல்லப்படும் கோப்பு நேற்றுத்தான் முதன்முதலாக வந்திருந்தால், அது அந்தக் கோப்பே இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தால் விலக்கு கொடுக்கலாம். டிஃபெண்டரை அணைப்பது ஏன் பலிக்காது என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள். ரியல் டைம் புரொடெக்‌ஷனை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அதைத் தானே மீண்டும் போட்டுவிடும். கோப்பைத் தொட்டதும் பிடிபடும். அணைத்திருந்த இடைவெளியில் மற்ற எல்லாமும் சோதனையின்றி உள்ளே வந்திருக்கும். அந்த செட்டப் அப்படித்தான் வந்தது.

புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் 'அலோ ஆன் டிவைஸ்' என்ற வாய்ப்பும் உண்டு. அந்த அனுமதி கண்டறிதலின் பெயரில்தான் பதிவாகும். வகாடாக் போன்ற அகலமான பெயருக்கு அதைக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரே ஒரு கோப்பின் முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுப்பதே நல்லது. அதில் ஒரு சிக்கல்: எக்ஸ்க்ளூஷனில் கோப்பைத் தேர்ந்தெடுக்க அது அங்கே இருக்க வேண்டும், வைத்தாலோ டிஃபெண்டர் அழித்துவிடும். இப்படிச் செய்யுங்கள்.

சி டிரைவில் 'மோட்சோதனை' என்று ஒரு வெற்று ஃபோல்டர் போடுங்கள். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் செட்டிங்ஸில் மேனேஜ் செட்டிங்ஸ், அங்கே கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ், ஆட் ஆன் எக்ஸ்க்ளூஷன், ஃபோல்டர் என்று போய் அதைச் சேருங்கள். இது தற்காலிகம். பிரவுசரில் 'ஒவ்வொரு முறையும் எங்கே சேமிப்பது என்று கேள்' என்பதை இயக்கி, ஜிப்பை நேராக அந்த ஃபோல்டரில் இறக்குங்கள். டவுன்லோட்ஸில் இறக்கினால் அங்கேயே பிடிபடும். ஜிப்பைப் பிரிப்பதற்கு முன் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கீழே 'அன்பிளாக்' கட்டத்தை டிக் செய்து ஓகே கொடுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். இணையத்திலிருந்து வந்தது என்ற முத்திரை ஜிப்பின் மேல் இருக்கும், பிரிக்கும்போது உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் அது பரவும். பிறகு ஸ்கிரிப்ட் ஹூக் வி டாட்நெட் (.சிஎஸ் போன்ற மோட்களை ஓட்டும் துணை நிரல்) போட்டால், முத்திரை குத்திய டிஎல்எல்லை ஏற்ற டாட்நெட் மறுத்துவிடும்.

பிரித்த பிறகு மேலே சொன்ன வைரஸ்டோட்டல் சோதனையை இங்கே வைத்தே செய்யுங்கள். தேறினால், நோட்பேடில் ஒரு வெற்றுக் கோப்பைச் சேமித்து அதற்கு டிஇன்புட்8.டிஎல்எல் என்று பெயர் மாற்றுங்கள். எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் இயங்கியிருக்க வேண்டும்; இல்லையென்றால் பின்னால் .டிஎக்ஸ்டி ஒளிந்து நின்று, விலக்கு வேறு பெயருக்குப் போய்விடும். அந்த வெற்றுக் கோப்பை விளையாட்டின் ஃபோல்டரில் வைத்து, எக்ஸ்க்ளூஷனில் இம்முறை 'ஃபைல்' என்று தேர்ந்து அதைச் சேருங்கள். இப்போது உண்மையான டிஎல்எல்லை அதன் மேலேயே எழுதுங்கள். டிஃபெண்டர் பிடித்த மற்ற கோப்புகளுக்கும் இதே வழிதான். பிடிக்காதவற்றுக்கு விலக்கு தேவையில்லை. முடிந்ததும் மோட்சோதனை ஃபோல்டரையும் அதன் விலக்கையும் நீக்கிவிடுங்கள்.

முழு ஜிடிஏ ஃபோல்டருக்கும் விலக்கு கொடுத்தால் வேலை சுலபம்தானே என்று தோன்றும். ஃபோல்டர் விலக்கு அதன் உள்ளே இருக்கும் அத்தனை துணை ஃபோல்டருக்கும் பொருந்தும். நாளை நீங்கள் போடும் எந்த மோடையும் டிஃபெண்டர் பார்க்காது. இதே விளையாட்டில் 2015 மே மாதம் 'ஆங்ரி பிளேன்ஸ்', 'நோ கிளிப்' என்ற இரண்டு மோட்களில் கீபோர்டு அழுத்தங்களைப் பதிவு செய்யும் திருட்டு நிரல் சேர்ந்திருந்தது தெரியவந்தது. அவற்றை நல்ல மோட் என்று நம்பித்தான் எல்லோரும் போட்டார்கள். 2023 ஜூனில் மைன்கிராஃப்டில் 'ஃபிராக்சரைசர்' வந்தபோது, மோட் வெளியிடுபவர்களின் கணக்குகளையே கைப்பற்றி, கர்ஸ்ஃபோர்ஜ் என்ற மோட் தளத்தின் வழியாகவே பரப்பினார்கள். தளம் நல்லது என்பதால் மட்டும் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

எதற்குக் கவனம் தேவை என்பதைக் கோப்பின் வகையை வைத்தே பிரிக்கலாம். .ஏஎஸ்ஐ, .டிஎல்எல், .சிஎஸ் ஆகியவை நிரல்கள். உங்கள் கணக்கால் என்னென்ன முடியுமோ அத்தனையும் அவற்றால் முடியும். .ஒய்டிடி, .ஒய்எஃப்டி, .ஆர்பிஎஃப் ஆகியவை காரின் வடிவம், வண்ணம், படங்கள். ஒரு கார் மோடுக்குள் .இஎக்ஸ்இ இருந்தால் அதற்கு அங்கே வேலை இல்லை.

கோப்பு காணாமல் போகவில்லை, ஆனாலும் மோட் ஓடவில்லை என்றால் ஆன்டிவைரஸைக் குறை சொல்லாதீர்கள். விளையாட்டின் ஃபோல்டரில் ஸ்கிரிப்ட்ஹூக்வி.லாக் என்ற குறிப்புக் கோப்பு இருக்கும், திறந்து பாருங்கள். 'அன்நோன் கேம் வெர்ஷன்' என்று இருந்தால் விளையாட்டு அப்டேட் ஆகிவிட்டது, புது ஸ்கிரிப்ட் ஹூக் வரும்வரை காத்திருக்க வேண்டும். லாக் கோப்பே உருவாகவில்லை என்றால் பேட்டில்ஐ தடுத்திருக்கலாம். 2024 செப்டம்பரில் ராக்ஸ்டார் சேர்த்த ஏமாற்றுத் தடுப்பு அது. கதைப் பகுதிக்கு ராக்ஸ்டார் லாஞ்சர் செட்டிங்ஸில் அதை அணைக்கலாம். அணைத்துவிட்டு, மோடும் இருக்கும் நிலையில் ஆன்லைன் பக்கம் போகாதீர்கள், கணக்கு தடைபடலாம். டாக்குமென்ட்ஸில் சேவ் ஆகவில்லை என்றால் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயங்குகிறதா பாருங்கள்; இயங்கினால் அதில் ஜிடிஏவின் .இஎக்ஸ்இக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லாம் சரியாக அமைந்ததா என்று பார்க்க, கதைப் பகுதி ஏறியதும் எஃப்4 அழுத்துங்கள். நேட்டிவ் ட்ரெய்னரின் மெனு திறக்கும்.

டிஃபெண்டருக்குப் பதில் க்விக் ஹீல், கே7, அவாஸ்ட் போன்றவை வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், பெயர்கள்தான் மாறும். குவாரன்டைன் பட்டியலில் பிடிபட்ட பெயரைப் பாருங்கள், எக்ஸ்க்ளூட் அல்லது எக்செப்ஷன் பகுதியில் கோப்பை மட்டும் சேருங்கள். அவை இயங்கும்போது டிஃபெண்டர் ஒதுங்கிவிடும் என்பதால், டிஃபெண்டரில் கொடுத்த விலக்கு அங்கே செல்லாது.

பொய் எச்சரிக்கைதான் என்று உறுதியானால் அந்தக் கோப்பை மைக்ரோசாஃப்டின் தீநிரல் ஆய்வுப் பக்கத்தில், தவறாகக் கண்டறியப்பட்டது என்று குறித்துச் சமர்ப்பியுங்கள். அவர்கள் பார்த்துத் திருத்தினால் அடுத்த பாதுகாப்பு அப்டேட்டில் அந்தக் கண்டறிதல் போய்விடும். அன்றே உங்கள் பட்டியலிலிருந்து விலக்கையும் எடுத்துவிடலாம். ஸ்கிரிப்ட் ஹூக்கின் அடுத்த பதிப்பு வரும்போது விலக்கு ஏற்கெனவே இருக்கிறதே என்று அப்படியே மேலே எழுதிவிடாதீர்கள். அது வேறு கோப்பு. எஸ்ஹெச்ஏ-256 எடுப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.