கொலஸ்ட்ரால் குறைந்தால் தற்கொலை எண்ணம் வருமா?

கணவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுகிறார், கொலஸ்ட்ரால் ரொம்பக் குறைந்தால் தற்கொலை எண்ணம் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் டாக்டர் இல்லை; ஆனால் இதே கேள்வியோடு கொஞ்ச நாள் அலைந்தவன்.

அம்மா இறந்து ஆறு மாதம் கழித்து அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். எப்போதும் 220க்குக் குறையாத மொத்தக் கொலஸ்ட்ரால் 141 என்று வந்தது, மாத்திரை எதுவும் இல்லாமலே! லேப்காரரே பாராட்டினார். எங்களுக்கும் சந்தோஷம். அவர் ராத்திரி தூங்குவதில்லை, ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறார், வேட்டி இடுப்பில் நிற்பதில்லை என்பதையெல்லாம் வயசாகிறது என்று விட்டுவிட்டோம். "நான் இருந்து என்ன பண்ணப்போறேன்" என்று அத்தையிடம் சொன்ன பிறகுதான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் கேட்டது: "எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு?" ஒன்பது கிலோ. மனச்சோர்வில் சாப்பாடு நின்றதால் கொலஸ்ட்ராலும் இறங்கியிருக்கிறது.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். அந்த வாட்ஸ்அப் செய்தி முழுக்கப் பொய் இல்லை, பழையது. 1990இல் மல்டூன் என்பவரின் குழு ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கொலஸ்ட்ராலைக் குறைத்தவர்களிடம் இதயநோய்ச் சாவு குறைந்து, விபத்து, தற்கொலை, வன்முறைச் சாவுகள் கூடியிருந்தன. 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சுமார் 3.5 லட்சம் ஆண்களில் கொலஸ்ட்ரால் 160க்குக் கீழே இருந்தவர்களிடம் தற்கொலை அதிகம். மூளை செல்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் குறைந்தால், மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தின் வேலை கெடலாம் என்று ஒரு விளக்கமும் வந்தது. ஆனால் மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது; ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் அதற்குள் அநேகமாகப் போவதே இல்லை. போதாததற்கு, 2000இல் பின்லாந்தில் வந்த ஆய்வு நேர்மாறாக, கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்களிடம்தான் வன்முறையான தற்கொலை கூடுதல் என்றது!

உங்களுக்கு வேண்டியது இதுதான்: 1990 கணக்கில் ஸ்டாடின் இல்லை, உணவுக்கட்டுப்பாடும் பழைய மருந்துகளும்தான். 1994இல் 4,444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டாடினைச் சோதித்தபோது அப்படிப்பட்ட சாவுகள் கூடவில்லை. 2001இல் அதே மல்டூன் 19 ஆய்வுகளை வைத்துத் திரும்பப் பார்த்தார். சிகிச்சையால் இத்தகைய சாவுகள் குறிப்பிடும்படி கூடுவதாகச் சான்று இல்லை என்றார். தான் கிளப்பியதைத் தானே திரும்பச் சரிபார்த்தாரே, அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

சரி, கணவரின் தூக்கமோ சாப்பாடோ பேச்சோ மாறியிருக்கிறதா? இருந்தால் மாத்திரை எழுதிய டாக்டரிடம் சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோலக் கணவர் பேசினால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

அப்பாவுக்கு இப்போது 205. மதியம் ரெண்டாவது தடவை சோறு கேட்கிறார்.