வெள்ளம் வடிந்த பிறகு: கழிவறை, குடற்புழு – வாசகர் கேள்வி பதில்

கொள்ளிடக் கரைப் படுகையில் எங்கள் வீடு. இரட்டை உறிஞ்சுகுழிக் கழிவறை (ஒரு குழி நிரம்பினால் மூடிவிட்டு மறுகுழிக்கு மாற்றுவது) வைத்திருக்கிறோம். ஆற்றில் தண்ணீர் ஏறினால் கோப்பை வழியாகக் கழிவு மேலே வருகிறது. இன்னும் இரண்டு உறை (வளையம்) இறக்கி ஆழப்படுத்தினால் சரியாகுமா?
– வாசகர், ஆச்சாள்புரம்

ஆகாது, இன்னும் கெடும். படுகையில் தோண்டத் தோண்ட ஊற்றுதான் கிட்ட வரும். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டராவது நனையாத மண் இருந்தால்தான் கழிவுநீர் வடிகட்டி இறங்கும். இல்லையென்றால் உங்கள் குழியும் பக்கத்து வீட்டு அடிபம்பும் ஒரே தண்ணீர்தான்.

ஆழத்தை விடுங்கள், உயரத்தைக் கூட்டுங்கள். போன வெள்ளம் நின்ற கறை சுவரில் இருக்கும். குழியின் வாய் அந்தக் கறைக்கு மேல் 30 செ.மீ. இருக்கட்டும். உறைகளைத் தரைக்கு மேலே அடுக்கி, சுற்றிலும் 1 மீட்டர் அகலத்துக்கு, குழியின் வாய் வரை மண் கொட்டி, அடுக்கடுக்காக இடித்துக் கெட்டிக்க வேண்டும். கொட்டியதோடு விட்டால் முதல் அடைமழையிலேயே மண் சரிந்து, உறை இடுக்கில் கழிவு கசியும். கழிவறைத் தளத்தையும் கூடவே உயர்த்துங்கள். கொத்தனார்கள் கோட்டைவிடுவது இங்கேதான்: குழி மட்டும் உயர்ந்தால் குழாய்க்குச் சரிவு போய், வெயில் காலத்திலும் கோப்பை அடைக்கும்.

2 மீட்டர் இடைவெளி கிடைக்காத இடத்தில் குழியின் அடியைக் கான்கிரீட் போட்டு அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு மணல் நிரப்புங்கள். கிணறு, அடிபம்பிலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். கழுத்தளவு தண்ணீர் வருகிற திட்டுகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மேட்டில் பொதுக் கழிவறை கட்டச் சொல்லி ஊராட்சியைக் கேட்பதே வழி.

செப்டிக் டேங்க் மூழ்கிவிட்டது. உடனே லாரி வைத்து உறிஞ்சி எடுக்கலாமா?
– வாசகி, சிதம்பரம் வட்டம்

வேண்டாம். சுற்றியுள்ள மண் ஊறிக் கிடக்கும்போது தொட்டியைக் காலி செய்தால், வெற்றுக் குடம்போல அது மேலே எழும்பும், அல்லது சுவர் உள்வாங்கும். தரை காயட்டும். அதுவரை தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள். அவசரமென்று ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

வாசல் முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவினோம். ஆகஸ்டில் பிள்ளைக்குப் பூச்சி மாத்திரையும் கொடுத்தோம். மழை முடிந்து சில மாதத்தில் மறுபடி மலத்தில் புழு. மாத்திரை சரியில்லையா?
– வாசகி, காட்டுமன்னார்கோவில்

மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. அல்பெண்டசோல் 400 மி.கி. அன்றைக்குக் குடலில் இருக்கிற புழுக்களைத்தான் வெளியேற்றும் (1 முதல் 2 வயதுக்குப் பாதி மாத்திரை, நசுக்கி). நாளைக்கு வாய்க்குள் போகிற முட்டையை அது தடுக்காது. அதனால்தான் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று ஆண்டுக்கு இரண்டு முறை 19 வயது வரை கொடுக்கிறார்கள். சாட்டைப்புழுவுக்கு ஒரு வேளை மாத்திரை பல நேரம் போதாது. புழு தொடர்ந்தால் மலப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் நாட்களுக்குக் கொடுங்கள்.

பிளீச்சிங் விஷயத்துக்கு வருவோம். உருண்டைப்புழுவின் ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். முட்டையின் ஓடு தடித்தது, குளோரினுக்கு மசியாது. மண்ணில் 2, 3 வாரத்தில் தொற்றும் பருவத்துக்கு வந்து, வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். விழுங்கிய நாளிலிருந்து அது வளர்ந்து முட்டையிட 2, 3 மாதம் ஆகும். நீங்கள் சொல்லும் "சில மாதம்" இந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

பிளீச்சிங்கின் இடம் வாசல் அல்ல, குடிநீர்த் தொட்டி. பாக்டீரியாவுக்கு அது நல்ல மருந்து. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், குழைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி 1 மணி நேரம் விடுங்கள். கலங்கல் நீர் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் தொட்டி நீரையும் முதலில் தெளியவிடுவது முக்கியம். திறந்து கிடந்த மூட்டையில் நெடி இல்லையென்றால் அது வெறும் சுண்ணாம்புதான். முட்டை சூட்டுக்குப் பயப்படும்: குடிநீர் தளதளவென்று கொதிக்கட்டும். கீரையை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதால் முட்டை சாகாது. ஓடும் நீரில் தண்டு தண்டாகத் தேய்த்துக் கழுவி, வேகவைத்தே உண்ணுங்கள். கைக்குழந்தையின் மலத்தைக் குப்பையில் வீசாமல் கழிவறையில் கொட்டுங்கள். இரவில் ஆசனவாய் அரித்தால் அது கீரிப்பூச்சி; வெள்ளத்தோடு சம்பந்தமில்லை, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து வைத்தியம் தேவை.

நடவுக்குப் போகிறவர்களுக்குக் காலில் வருவது சேற்றுப்புண்ணா, புழுவா?
– வாசகர், சீர்காழி

விரலிடுக்கு வெளுத்து ஊறி உரிந்தால் சேற்றுப்புண். பாதத்திலோ விரலிடுக்கிலோ சிவந்த சிறு பருக்கள் கடுமையாக அரித்தால், கொக்கிப்புழுவின் குஞ்சு தோலைத் துளைத்திருக்கலாம். தண்ணீர் தேங்கி நிற்கும்போதைவிட, வடிந்து ஈரம் காயாத மணற்பாங்கான இடத்தில் அதற்குக் கொண்டாட்டம். மலம் கழிக்கும் கொல்லைப்புறத்துக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள். சோர்வு, மூச்சிரைப்பு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். புழு மாத்திரையோடு இரும்புச்சத்து மாத்திரையும் தேவைப்படலாம். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் புழு மாத்திரை போடக்கூடாது.

மூடிவைத்த குழி எருவை எப்போது எடுக்கலாம்?
– வாசகர், குமராட்சி

மூடி 2 வருடம் ஆன பிறகு. உதிரியாக, நாற்றமில்லாமல் இருக்க வேண்டும். இடையில் வெள்ளம் குழிக்குள் புகுந்திருந்தால், மறுகுழிக் கழிவும் கலந்திருக்கும். அப்போது தண்ணீர் வடிந்த நாளிலிருந்து மறுபடி 2 வருடம் எண்ணுங்கள். எடுத்ததைக் கீரைப் பாத்திக்குப் போடாமல், தென்னை மரத்தைச் சுற்றிப் பள்ளம் பறித்துப் புதையுங்கள்.