வகுப்பில் ஐந்தாறு பேர் மட்டும் பதில் சொன்னால்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். மொத்தம் 42 மாணவர்கள். மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில் முன் பெஞ்சில் இருக்கும் ஐந்தாறு பேர்தான் பதில் சொல்கிறார்கள். மற்றவர்கள் கரும்பலகையில் இருப்பதை எழுதிக்கொள்வதோடு சரி. மிட்டாய், நட்சத்திரக் குறி எல்லாம் இரண்டு வாரம் பலித்தன. பிறகு பழைய கதைதான். மாணவர்களின் ஆர்வம் குன்றாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: ஆர்வம் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தாலும், நீங்கள் விவரித்திருப்பது பெரும்பாலும் கேள்வி கேட்கும் முறையில் உள்ள சிக்கல். கையைத் தூக்கியவர் மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டில், கையைத் தூக்காத மாணவருக்கு யோசிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அதிலும் தவறாகச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாவதைவிடப் பேசாமல் இருப்பதே மேல் என்று பதினான்கு வயதுப் பிள்ளை முடிவெடுத்தால், அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. எனவே ஆர்வத்தை ஊட்டும் முயற்சியைச் சற்றே ஒத்திவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாரும் யோசித்தாக வேண்டிய நிலையை முதலில் உருவாக்குங்கள்.

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்ட பிறகு சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதை 1970களில் பதிவுசெய்தார். அந்த இடைவெளியை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். கணக்குக்கு மூன்று நொடி போதாது. கேள்வியைச் சொல்லிவிட்டு, எல்லாரும் நோட்டில் விடையை எழுதும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற 41 பேரும் அந்தக் கணமே விடுபட்டுவிடுவார்கள்.

இதைவிட விரைவான வழி, விரல் காட்டச் சொல்வது. (x + 3)² என்பதன் விரிவு எது என்று கேட்டு, x² + 9, x² + 3x + 9, x² + 6x + 9, x² + 6 என நான்கு விடைகளை எழுதுங்கள். ஒரே நேரத்தில் அனைவரும் தத்தம் விடையின் எண்ணுக்குரிய விரல்களை, பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி மார்போடு ஒட்டிக் காட்டட்டும். பாதி வகுப்பு x² + 9 என்று காட்டினால், பாடத்தை எங்கே நிறுத்தித் திரும்பிப் போக வேண்டும் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்போது சரியான விடையை உடனே சொல்லிவிடாமல், x-க்கு 1 என்று வைத்து இரு பக்கமும் கணக்கிடச் சொன்னால், ஒரு பக்கம் 16-உம் மறுபக்கம் 10-உம் வருவதை அவர்களே காண்பார்கள். தவறிய விடையே பாடமாகிறது என்பதை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டால், தவறு செய்வதற்கான அச்சம் குறையத் தொடங்கும்.

பரிசுகளைப் பொறுத்தவரை, 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு பயனுள்ளது. விருப்பத்தோடு படம் வரைந்துகொண்டிருந்த சிறு குழந்தைகளிடம் முன்கூட்டியே பரிசு உண்டு என்று சொல்லி வரையச் செய்தபோது, பின்னர் பரிசில்லாத நேரத்தில் அவர்கள் வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. உங்கள் மாணவர்களுக்குக் கணிதத்தில் குறைவதற்கு விருப்பமே இன்னும் பிறக்கவில்லை என்பதால் மிட்டாய் பெருந்தீங்கு செய்துவிடாது. ஆனாலும் அது மிட்டாயின்மீதே கவனத்தை வைக்கும். ‘குறியை மாற்ற மறக்கவில்லை, நேற்று இதே இடத்தில்தான் தவறியது’ என்று குறிப்பாகச் சொல்லும் ஒரு வரி, ‘வெரி குட்’ என்பதைவிட நெடுநாள் நிற்கும்.

இனி, உண்மையில் கடினமான பகுதி. ஒன்பதாம் வகுப்பில் பேசாமல் இருப்பவர்களில் பலருக்கு இயற்கணிதம் புரியாததன் காரணம் இயற்கணிதத்தில் இல்லை. எதிர்க்குறி எண்களையும் பின்னங்களையும் ஆறாம், ஏழாம் வகுப்பில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அவர்களைத் தனியே அமர்த்தி, ‘மெல்லக் கற்போர்’ என்று பட்டியலிட்டுவிட்டு ஊக்கத்தை எதிர்பார்ப்பது நடக்காத காரியம். பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று சிறு கணக்குகளை எல்லாருக்கும் பொதுவாகக் கொடுங்கள்: நேற்றைய பாடத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று, கீழ்வகுப்பிலிருந்து ஒன்று. மதிப்பெண் வேண்டாம்; நோட்டைப் பார்க்காமல் செய்ய வேண்டும், அவ்வளவே. படித்ததை நினைவிலிருந்து வரவழைத்தவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட ஒரு வாரம் கழித்துக் கூடுதலாக நினைவில் வைத்திருந்ததை உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கே இருவரும் 2006இல் காட்டியிருக்கிறார்கள். கீழ்வகுப்புக் கணக்கு ஒன்றாவது தன்னால் முடிகிறது என்ற நிலை தினமும் வாய்க்கும்போதுதான் அடுத்ததைத் தொட்டுப் பார்க்கும் துணிவு வருகிறது. ஊக்கம் வந்த பிறகு வெற்றி வரும் என்று காத்திருப்பதைவிட இந்த வரிசை நம்பகமானது.

மதியத் தூக்கத்துக்குத் தனி மருந்து இல்லை. தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் நீங்கள் மட்டும் பேசாமல், இடையிடையே இருவர் இருவராக ஒரு கணக்கைச் செய்யச் சொன்னாலே பாதிப் பேர் விழித்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதலில் ஐந்து நிமிடக் கணக்குகளை ஒரு மாதம் விடாமல் செய்துவிட்டு, விரல் காட்டுவதை அதன் பின் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் அசையாத நான்கைந்து பேரிடம் வகுப்புக்கு வெளியே பேசுங்கள். விடியற்காலையில் வேலைக்குப் போய்விட்டு வருபவரும் இருக்கலாம், கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை தெரியாதவரும் இருக்கலாம். பின்னவரை அன்றே முன் பெஞ்சுக்கு மாற்றி, கண் பரிசோதனைக்கு அனுப்பப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.