அப்பாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது

பக்கவாதத்தில் இடது பக்கம் தளர்ந்த அப்பாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறீர்கள், இப்போது உங்கள் இடுப்பே பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தீர்கள். கடலூர் முதுநகரில் மாமியாரைப் பார்த்துக்கொண்டபோது நானும் அதே தப்பைத்தான் செய்தேன்.

முதலில் அக்குளை விடுங்கள். தளர்ந்த தோள்மூட்டு இழுத்தால் நழுவிவிடும். அந்தக் கையையும் இழுக்கக் கூடாது. நாற்காலியை அவருடைய வலது பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போட்டு பிரேக் போடுங்கள். கால்மிதியை விலக்குங்கள், இதைத்தான் எல்லோரும் மறப்பது. அவரை விளிம்புக்கு நகர்த்தி, தலைசுற்றல் இல்லையா என்று ஒரு நிமிடம் பாருங்கள். பாதங்கள் தரையில் பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். அப்புறம் மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனியச் சொல்லுங்கள். குனிந்தால் எடை பாதத்துக்கு வந்து, எழுவது பாதி சுலபமாகிவிடும். நீங்கள் தூக்க வேண்டாம். அவர் இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டைப் பிடித்து, உங்கள் முழங்காலால் அவருடைய இடது முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, எழுந்ததும் நாற்காலிப் பக்கம் மெல்லத் திருப்பி உட்காரவையுங்கள். அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள்.

வலது காலிலும் எடை நிற்கவில்லை என்றால் தனியாக முயலவே வேண்டாம். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவத் துறையில் காட்டி, நேரில் செய்துகாட்டச் சொல்லுங்கள்.