வீட்டில் தயாரிக்கும் பயோடீசலைத் தண்ணீர் இல்லாமல் சுத்திகரிக்க முடியுமா? மரத்தூள் மட்டும் போதுமா?

முடியும். ஆனால் மரத்தூளுக்கு முன்னால், எண்ணெயோடு வினைபுரியச் சேர்த்த மெத்தனாலைக் கவனிக்க வேண்டும். வினையில் பிரியும் கிளிசரினை இறக்கிய பிறகும் எரிபொருளில் தங்கியிருக்கும் மெத்தனால்தான், வினையில் உண்டான சோப்பையும் மிச்சக் கிளிசரினையும் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. அதை நீக்காமல் வடிகட்டினால் அவற்றில் பெரும்பகுதி எரிபொருளோடு சேர்ந்தே இறங்கிவிடும். மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரி செல்சியஸ் என்பதால், மூடிய கலத்தில் சூடேற்றி, ஆவியைக் குளிரவைத்து மீட்டெடுக்கலாம். கிளிசரின் அடுக்கை முழுவதும் பிரிக்காமல் இதைச் செய்தால் வினை பின்னோக்கித் திரும்பக்கூடும். அந்த ஆவி நச்சு, எளிதில் தீப்பற்றுவதும்கூட; அருகில் அடுப்போ தீப்பொறியோ இருக்கவே கூடாது.

மெத்தனால் வெளியேறியபின் ஆறவிட்டால் சோப்பில் ஒரு பகுதி தானே அடியில் படியும். மீதியைப் பிடிக்க, வண்ணமோ மருந்தோ ஏறாத உலர்ந்த மரத்தூளைக் குழாயில் நிரப்பி, எரிபொருளை அதன் வழியே மெதுவாகக் கசியவிடுவது மலிவான வழி. மெக்னீசியம் சிலிக்கேட் பொடியைச் சூடான எரிபொருளில் எடைக்கு 1 சதவீத அளவில் கலக்கி வடிகட்டுவது இன்னொன்று. பொடி எஞ்சினுக்குப் போகாதபடி நுண்வடிகட்டி வைப்பதுதான் அதில் தொல்லை.

அயனிப் பரிமாற்ற ரெசினைப் பலர் மாயமருந்து போல நினைக்கிறார்கள். அது சோப்பிலுள்ள சோடியத்தையோ பொட்டாசியத்தையோ வாங்கிக்கொண்டு ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. சோப்பு கொழுப்பமிலமாக மாறி எரிபொருளிலேயே தங்கிவிடுகிறது. 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) பொட்டாசியம் சோப்பு இப்படி மாறினால், எரிபொருளிலுள்ள அமிலத்தின் அளவைச் சொல்லும் அமில எண் ஏறத்தாழ 0.17 உயரும், பயோடீசலுக்கான அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி6751 அனுமதிப்பதோ 0.50 தான். ஆகவே சோப்பின் பெரும்பகுதியை மரத்தூளில் விட்டுவிட்டு, கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ரெசினைப் பயன்படுத்துவதே என் தேர்வு.

மரத்தூள் மட்டும் போதுமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். 10 கிராம் மாதிரியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, புரோமோஃபீனால் புளூ என்ற நிறங்காட்டியைச் சேர்த்து, நீலம் மஞ்சளாகும் வரை 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு தயாரித்திருந்தால், செலவான ஒவ்வொரு மில்லிலிட்டரும் சுமார் 320 பிபிஎம் சோப்பைக் குறிக்கும். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 5 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற அதே தரத்தின் வரம்பு, பொட்டாசியம் சோப்பாகக் கணக்கிட்டால் சுமார் 41 பிபிஎம். அவ்வளவு குறைவை 10 கிராமில் துல்லியமாக அளக்க முடியாது. 100 கிராம் எடுங்கள்.

இவை எதுவும் வினைபுரியாமல் மிஞ்சிய எண்ணெயை எஸ்டராக, அதாவது பயோடீசலாக, மாற்றாது. அப்படி எண்ணெய் மிஞ்சியிருக்கிறதா என்று அறிய, 3 மில்லிலிட்டர் எரிபொருளை 27 மில்லிலிட்டர் மெத்தனாலில் அறை வெப்பத்தில் கலக்கிப் பாருங்கள். அடியில் எண்ணெய் படிந்தால் வினை முடியவில்லை, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பயன்படுத்திய மரத்தூளைக் குவித்து வைக்காதீர்கள். எரிபொருளில் ஊறிய தூள் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். மூடியுள்ள உலோக டிரம்மில், கட்டடத்துக்கு வெளியே வையுங்கள்.