பிளஸ் டூ முடித்ததும் ஜெர்மனியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர முடியுமா?

தம்பி, பிளஸ் டூவில் நீங்கள் எடுத்த 600க்கு 540 நல்ல மார்க்தான். ஆனால் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர வெறும் பிளஸ் டூ போதாது. ஒன்று, ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கே அதே பாடத்தில் ஓராண்டு முடித்திருக்க வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து கேட்கிறீர்கள், நாகர்கோவிலிலேயே பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்துவிடுங்கள். வேதியியலில் இடம் கிடைத்தது என்று அதில் சேர்ந்துவிட்டு அங்கே இயற்பியல் கேட்டால் சிக்கல். இரண்டு செமஸ்டரிலும் ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது, இருந்தால் அந்த ஆண்டு முடித்த கணக்கில் வராது.

அதிகம் பேர் மாட்டுவது தேதியில்தான். அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்குப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசி. இரண்டாம் செமஸ்டர் மார்க் ஷீட் வந்து, அதை வைத்து ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது) வாங்குவதற்குள் அது தாண்டிவிடும். அதனால் இரண்டாம் ஆண்டையும் இங்கேயே தொடர்ந்துகொண்டு, அடுத்த ஜூலைக்கு விண்ணப்பியுங்கள். அந்த இடைவெளி ஜெர்மன் மொழிக்குத் தேவைப்படும். இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில்தான், சி1 என்ற உயர்நிலைத் தேர்ச்சி கேட்பார்கள்.

இன்றைக்கே ஒன்றைப் பாருங்கள். மார்க் ஷீட்டில் உங்கள் பெயர் ‘அனிஷ் ஆர்’, பாஸ்போர்ட்டில் ‘அனிஷ் ராஜன்’ என்று இனிஷியல் விரிந்து இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று எடுத்து வையுங்கள்.

விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற blocked account) ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். வீட்டில் இதை இப்போதே பேசிவிடுங்கள்.