சி.சி.ஆர்.என். எப்போது எழுதலாம் என்று கேட்ட தங்கச்சிக்கு

உன் கேள்வியை டூட்டி முடிந்து வந்து ஒரு தடவையும், தூங்கி எழுந்து ஒரு தடவையும் படித்தேன். மதுரையில் ஆறு வருஷம் ஐ.சி.யு., ஹூஸ்டன் வந்து ஏழு மாதம், வேலையில் சேர்ந்து ஆறு மாதம், வீட்டில் நாலு வயதுப் பையன். இப்போது மேனேஜர் "சி.சி.ஆர்.என். எப்போது எழுதப் போகிறாய்?" என்று, தீவிர சிகிச்சை நர்ஸ்களுக்கான சான்றிதழ் தேர்வைப் பற்றிக் கேட்டுவிட்டார். கூட வேலை பார்ப்பவர்களின் பேட்ஜில் எல்லாம் அந்த நாலு எழுத்து தொங்குகிறது. எழுதாவிட்டால் வேலை போய்விடுமா, எழுதுவதென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் நாகர்கோவில்காரி. பதினாலு வருஷமாகப் பியர்லாண்டில், மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

வேலை போகாது. உன் லைசென்ஸ் நீ ஏற்கெனவே பாஸ் பண்ணிய என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வை வைத்து டெக்சஸ் போர்டு கொடுத்தது. சி.சி.ஆர்.என். அதற்கு மேல் நாமாக விரும்பி எழுதுவது. அமெரிக்கத் தீவிர சிகிச்சை செவிலியர் சங்கமான ஏ.ஏ.சி.என். 1969-இல் தொடங்கியது, இந்தத் தேர்வை அதன் சான்றிதழ் அமைப்பு 1976 முதல் நடத்துகிறது. மேனேஜர் ஏன் கேட்கிறார் என்றால், நர்ஸிங் தரத்துக்குத் தரும் மேக்னெட் அங்கீகாரம் வைத்திருக்கும் அல்லது வாங்க நினைக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு, சான்றிதழ் வாங்கிய நர்ஸ்கள் எத்தனை பேர் என்ற கணக்கு முக்கியம். அதனால்தான் பல இடங்களில் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்கள், சில இடங்களில் மணிக்கூலியும் கொஞ்சம் ஏறும். பணம் கட்டுவதற்கு முன்பே ஹெச்.ஆரில் ஒன்று கேட்டுவிடு: பாஸானால்தான் தருவார்களா, எழுதினாலே தருவார்களா? நான் கேட்காமல் கட்டினேன். ஃபெயிலானேன். பணமும் போயிற்று. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மணிக்கணக்கு. கடந்த இரண்டு வருஷத்தில் தீவிர சிகிச்சை நோயாளிகளை நேரடியாகப் பார்த்த நேரம் 1,750 மணி வேண்டும். அதில் 875 மணி கடைசி ஒரு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று பன்னிரண்டு மணி டூட்டி என்றால் 36 மணி. ஆறு மாதத்தில், லீவே எடுக்காவிட்டாலும், 936 தான் சேர்ந்திருக்கும். இன்னும் 814 மணி, அதாவது சுமார் 23 வாரம். மதுரைக் கணக்கைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே வேலை செய்த நேரம் என்றால், அந்த ஆஸ்பத்திரிக்கு மேக்னெட் அல்லது ஜே.சி.ஐ. என்ற சர்வதேச ஆஸ்பத்திரி அங்கீகாரம் இருக்க வேண்டும். நம் ஊரில் வாசலில் பெரிதாக மாட்டியிருக்கும் இந்திய அங்கீகாரமான என்.ஏ.பி.ஹெச். இதற்குச் செல்லாது. உன் பழைய ஆஸ்பத்திரிக்கு ஜே.சி.ஐ. இருந்தால் உனக்கு இப்போதே மணி தேறிவிடும் என்று நினைக்கிறேன், ஏ.ஏ.சி.என்.-க்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி உறுதி செய்துகொள். இல்லையென்றால் அடுத்த அஞ்சு மாதம் உனக்குப் படிக்கக் கிடைத்தது என்று வைத்துக்கொள். நீ செய்த வேலையைத் தெரிந்த ஒருவரின் விவரமும் விண்ணப்பத்தில் கேட்பார்கள். சிலரைப் பொறுக்கி எடுத்துத் தணிக்கையும் செய்வார்கள், ஆகவே குத்துமதிப்பாக எழுதாதே.

இப்போது என் கதை. மணி சேர்ந்த அன்றைக்கே அவசரப்பட்டு அப்ளை பண்ணினேன். அனுமதி வந்ததும் 90 நாளுக்குள் எழுத வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அப்போது எனக்கு நைட் டூட்டி, மகளுக்கு இரண்டு வயது. கேள்வி வங்கி ஒன்றை வாங்கி, பஸ் டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒரு நாளைக்கு நூறு கேள்வி என்று தள்ளினேன். சரியா தப்பா என்று மட்டும் பார்த்தேன், ஏன் என்று படிக்க நேரமில்லை. தேர்வு அறையில் அதே விஷயம் வேறு வேஷத்தில் வந்தது, தடுமாறிவிட்டேன். நீ முதலில் படி, தயார் என்று தோன்றுகிறபோது அப்ளை பண்ணு.

தேர்வில் கேள்விகளின் எண்ணிக்கை என்க்ளெக்ஸ் மாதிரி ஆளைப் பார்த்துக் கூடிக் குறையாது. மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, ஒன்றுதான் சரி. இதில் 25 கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது, எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை. எது அது என்று நமக்குத் தெரியாது. கேள்விக்கு 72 விநாடி. குறித்து வைத்துவிட்டுப் பிறகு திரும்பிப் போகலாம் என்பது என்க்ளெக்ஸ் எழுதி வந்த நமக்குப் பெரிய ஆறுதல்.

மொத்தத்தில் 80 சதவீதம் மருத்துவம் சார்ந்தது, 20 சதவீதம் நர்ஸின் நடத்தையும் நெறியும். ஊரிலிருந்து வருகிற எல்லாரும் முதல் பங்கைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். என்னை விழவைத்தது இரண்டாவது. முதலாவதைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு அட்ரோபின் ஓட்டிக்கொண்டே ராத்திரி முழுக்கக் கண்மணியையும் நெஞ்சுச் சளியையும் பார்த்த கை உன்னுடையது. பாம்புக்கடி, டெங்கு, சிறுநீரகம் செயலிழந்த சர்க்கரை நோயாளி எல்லாம் பார்த்திருப்பாய். நோயாளி கெட்டுப்போகிறார் என்பதை மானிட்டர் கத்துவதற்கு முன்பே கண்டுபிடிக்கத் தெரியும். தெரியாதது, அந்தக் கண்டுபிடிப்புக்குப் பின்னால் இருக்கிற எண்கள். நம் ஊர் ஐ.சி.யு.வில், இதயத்தின் உள்ளழுத்தங்களை அளக்கிற ஸ்வான்-கான்ஸ் கதீட்டரை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. இங்கே தேர்வில் அது இல்லாமல் நடக்காது.

நான் அதைப் படித்த விதம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை வைத்துத்தான். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது என்றால் மூன்று கேள்வி: தொட்டியில் தண்ணீர் (ரத்தம்) இல்லையா, மோட்டார் (இதயம்) கெட்டதா, குழாய் (ரத்தக்குழாய்) விரிந்துபோனதா? தண்ணீர் இல்லை என்றால் சி.வி.பி.யும் (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தம்) வெட்ஜ் அழுத்தமும் (இதயத்தின் இடது பக்க அழுத்தத்தைக் காட்டுவது) குறைவு. மோட்டார் கெட்டது என்றால் கார்டியாக் இன்டெக்ஸ் (உடம்பின் அளவுக்கு இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்ற கணக்கு) குறைந்து, பின்னால் தேங்கி, வெட்ஜ் ஏறும். இந்த இரண்டிலும் உடம்பு குழாயை இறுக்கிப் பிடிக்கும், அதனால் எஸ்.வி.ஆர்., அதாவது ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு, 1,200-க்கு மேலே போகும். கிருமித்தொற்று உடம்பையே தாக்கும் செப்சிஸின் தொடக்கத்தில் குழாய் விரிந்து கிடக்கும், எஸ்.வி.ஆர். 800-க்குக் கீழே, மோட்டார் மட்டும் வேகமாக ஓடும். இந்த மூன்று வரியை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் அதை மோட்டார் ரிப்பேர் என்று நினைத்துப் பிளம்பருக்குப் போன் போடலாமா என்றார்.

இதை வைத்து ஒரு கேள்வியைப் பார். நெஞ்சுவலி, ஈ.சி.ஜி.யில் இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். லீடுகளில் எஸ்.டி. ஏறியிருக்கிறது. பி.பி. 82/50. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, ஆனால் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் என்று நம் கை தானாகப் போகும். அது ஒரு விடையாகவும் அங்கே உட்கார்ந்திருக்கும். ஆனால் இது இதயத்தின் அடிப்பக்க அட்டாக், வலது கீழறையும் சேர்ந்து அடிபட்டிருக்கிறது. அந்த அறை, உள்ளே வருகிற ரத்தத்தை நம்பித்தான் தள்ளுகிறது. நைட்ரோகிளிசரின் கொடுத்தால் வரத்து குறைந்து பி.பி. இன்னும் விழும். சரியான விடை ஐ.வி. ஃப்ளூயிட். நுரையீரல் சுத்தம் என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள், அதை விட்டால் போச்சு.

வென்டிலேட்டரையும் தனியாகப் படி. இங்கே அதைத் திருகுவதற்கு ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் இருக்கிறார் என்று நாம் மெல்ல மறந்துவிடுகிறோம், தேர்வு மறக்காது. நுரையீரல் கடுமையாகப் பழுதாகும் ஏ.ஆர்.டி.எஸ்.-இல் டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சுக்கு உள்ளே தள்ளும் காற்று, கிலோவுக்கு 6 மில்லி என்பது உனக்கே தெரியும். எந்தக் கிலோ என்பதில்தான் சூது. 160 செ.மீ. உயரமுள்ள பெண், எடை 110 கிலோ. உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் அவருக்கு உரிய எடை 52 கிலோதான் வரும். வைக்க வேண்டியது சுமார் 315 மில்லி. தராசு எடையை வைத்துப் பெருக்கினால் 660, நுரையீரல் என்னாகும் பார். எஸ்.ஐ.ஏ.டி.ஹெச்., டயாபடீஸ் இன்சிபிடஸ் என்ற இரண்டு ஹார்மோன் கோளாறுகளும் எல்லாரும் குழப்பிக்கொள்வது: முதலாவது தண்ணீரைப் பிடித்து வைக்கும், சோடியம் இறங்கும், இரண்டாவது தண்ணீரைக் கொட்டிவிடும், சோடியம் ஏறும். இவ்வளவு போதும்.

இனி அந்த இருபது சதவீதம். என் முதல் தேர்வில் இந்தப் பகுதியில்தான் அடி வாங்கினேன். சின்னச் சின்னக் காட்சியாகக் கேட்பார்கள். பயிற்சியில் எனக்கு வந்ததை இப்படி வைத்துக்கொள்: 68 வயதுக்காரர், முழு நினைவோடு பேசுகிறார். ஸ்கேனில் புற்றுநோய் தெரிந்திருக்கிறது. மகள் கதவுக்கு வெளியே உன்னை நிறுத்தி, "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்" என்று அழுகிறார். என்ன செய்வாய்? நாகர்கோவிலில் இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். நம் ஊரில் நோய் குடும்பத்துக்கு வருவது. சீட்டை வாங்கிக்கொண்டு ஃபார்மசிக்கு ஓடுகிற பிள்ளையிடம்தான் எல்லாவற்றையும் சொல்வோம், கட்டிலில் இருப்பவரிடம் "ஒன்றுமில்லை தாத்தா, சரியாகிவிடும்" என்போம். நான் "டாக்டரிடம் தெரிவிப்பேன்" என்ற விடையைக் குறித்தேன். தப்பு. மகளின் பயத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நோயாளியிடமே போய், உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்பதுதான் விடை. அவர் மகளிடம் சொல்லுங்கள் என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவு.

"டாக்டரிடம் தெரிவிப்பேன்" என்பது நம் கையில் ஊறிப்போன விடை. டூட்டி டாக்டர் வந்து பார்க்காமல் ஒன்றும் செய்யக் கூடாது என்றுதான் நம்மை வளர்த்தார்கள். இந்தத் தேர்வு, டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன் நீ என்ன பார்த்தாய், என்ன செய்தாய், அவர் சொன்னது தப்பாகத் தெரிந்தால் வாய் திறந்தாயா என்று கேட்கிறது. இதன் அடிப்படை சினர்ஜி மாடல் என்ற ஒன்று. நோயாளியின் தேவைக்கும் நர்ஸின் எட்டுத் திறமைகளுக்கும் பொருத்தம் பார்ப்பது அது. ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம் மாதிரிதான். அந்த எட்டில் மருத்துவ முடிவெடுப்பது போக மீதி ஏழு இந்த 20 சதவீதத்தில் வருகிறது: நோயாளிக்காகப் பேசுவது, பரிவு, வேறுபாடுகளை மதிப்பது, கற்றுக்கொடுப்பது, சேர்ந்து வேலை செய்வது, அமைப்பைப் புரிந்து நடப்பது, ஏன் இப்படிச் செய்கிறோம் என்று கேட்பது. இதைப் புத்தகத்தில் படித்து எனக்கு ஏறவில்லை. காலை ரவுண்ட்ஸில் வாயைத் திறந்து பேசப் பழகிய பிறகுதான் ஏறியது. முதல் முறை ஒரு டோஸைப் பற்றிக் கேட்டபோது குரல் நடுங்கியது, அந்த டாக்டர் "குட் கேட்ச்" என்று சொல்லி மாற்றி எழுதிவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் காரில் பாட்டு.

இரண்டாம் தடவை நான் படித்த விதம் எளிது. ஒவ்வொரு டூட்டி முடிந்ததும் அன்று பார்த்த ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு அவருடைய வியாதியை மட்டும் படிப்பேன். நாளுக்கு இருபத்தைந்து கேள்வி, மற்ற மூன்று விடையும் ஏன் தப்பு என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதுவேன். தமிழில் எழுத முடியாத விடை எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். கடைசி மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை 150 கேள்வியை ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதினேன். மொத்தம் நாலு மாதம் ஆயிற்று.

ஒரு தொல்லையை மறக்காமல் சொல்ல வேண்டும். நம் இனிஷியல். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருந்தது, லைசென்ஸில் வீட்டுக்காரர் பெயர். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் தேர்வு மையத்தில் காட்டுகிற அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைச் சரி செய்ய எனக்கு மூன்று வாரம் போயிற்று. நீ இப்போதே எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பார்.

முடிவு மையத்திலேயே உடனே தெரிந்துவிடும், காத்திருக்க வேண்டாம். பாஸானால் மூன்று வருஷத்துக்குச் செல்லும். பிறகு அந்த மூன்று வருஷத்தில் 432 மணி வேலையும் 100 தொடர்கல்விப் புள்ளியும் காட்டினால் மறுபடி எழுதாமலேயே புதுப்பிக்கலாம்.

பையனை என்ன செய்வது என்று கடைசியில் கேட்டிருந்தாய். அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் தேர்வு நாளும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போ. என் மகளுக்குப் பதினொன்று ஆகிறது, விளையாட ஆள் கிடைத்தால் சரி என்பாள். ஆப்பம் சாப்பிடுவானா, இல்லை இட்லி ஊற்றி வைக்கட்டுமா என்று மட்டும் முதல்நாளே சொல்லிவிடு.